அதே மாஸ்டர்பேட்ச், வேறு சாம்பல்

ஒரு கருவியின் மேல்மூடியையும் அடிமூடியையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே சாம்பல் நிறம்தான். பொருத்தியதும் ஒன்று லேசாக மஞ்சளடிக்கும். நிறத்தை நினைவில் வைத்துக்கொள்வதில் நம் கண் மோசம். பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் படுகெட்டி. இன்ஜெக்‌ஷன் மோல்டிங் (உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் தள்ளி வார்க்கும்) வேலையில் நிறத் தகராறு பெரும்பாலும் பாகங்களைப் பொருத்தும்போதுதான் வெடிக்கிறது. உடனே பழி மாஸ்டர்பேட்ச் மீது விழும். பல நேரம் அதன் மேல் தவறே இருக்காது.

மாஸ்டர்பேட்ச் என்பது நிறமியை அடர்த்தியாக ஏற்றிய பிளாஸ்டிக் குருணை. நிறம் சேர்க்காத மூலப்பொருளோடு வழக்கமாக 1 முதல் 4 சதவீதம் வரை சேர்ப்பார்கள். மெஷினின் சூடான உருளைக் குழாயான பேரலுக்குள் சுழலும் ஸ்க்ரூ இரண்டையும் உருக்கிக் கலந்து அச்சுக்குள் தள்ளும். மூலப்பொருளுக்கும் சொந்த நிறம் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் இயல்பிலேயே தந்தத்தின் மஞ்சள் சாயை கொண்டது. அந்த மஞ்சள் லாட்டுக்கு லாட் கொஞ்சம் கூடும், குறையும். கறுப்புப் பாகத்தில் அது தெரியாது. வெள்ளையும் வெளிர் சாம்பலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் அளவு. 5 கிராம் எடையுள்ள சின்னப் பாகத்துக்கு 2 சதவீதம் என்றால் 0.1 கிராம் மாஸ்டர்பேட்ச். ஒரு குருணை சுமார் 0.03 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பாகத்துக்கு மூன்று, நான்கு குருணைகள்தான் வருகின்றன! ஒன்று கூடினாலோ குறைந்தாலோ நிறமியின் அளவு கால்வாசிக்கு மேல் மாறிவிடும். பேரலுக்குள் பல ஷாட்டுக்கான (ஒரு ஷாட் என்பது அச்சுக்குள் ஒரு முறை தள்ளும் அளவு) பொருள் சேர்ந்து கலப்பதால் இந்த ஏற்ற இறக்கம் ஓரளவு சமமாகும், முழுசாக ஆகாது. அதனால்தான் சின்னப் பாகங்களுக்கு நுண்குருணை மாஸ்டர்பேட்ச் வாங்குகிறார்கள். கன அளவைக் கணக்கில் கொண்டு ஊட்டும் கருவிக்குப் பதில், எடை பார்த்து ஊட்டும் கருவியைப் பொருத்துகிறார்கள். குருணையின் அளவும் வடிவமும் மாறினால் முதல் வகைக் கருவி ஏமாந்துவிடும், இரண்டாவது ஏமாறாது.

இதைவிட நுட்பமான எதிரி சூடு. உருகிய பொருள் பேரலுக்குள் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேரலில் 100 கிராம் உருகல், ஷாட் ஒன்றுக்கு 10 கிராம், சுழற்சி நேரம் 30 வினாடி என்றால், ஒரு குருணை உள்ளே போய் வெளியே வர ஏறக்குறைய 5 நிமிடம். அதே அச்சைக் கழற்றி, 400 கிராம் பிடிக்கும் பெரிய மெஷினில் ஏற்றினால் 20 நிமிடம். திரையில் வெப்பநிலை ஒரு டிகிரி மாறியிருக்காது, பாகமோ மஞ்சளாகியிருக்கும். பாலிமரும் பழுக்கிறது, சில நிறமிகளும் சிதைகின்றன. டையரிலைடு வகை மஞ்சள் நிறமிகள் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே சிதையத் தொடங்கும். ஏபிஎஸ்ஸை அதற்கு மேலான சூட்டில்தான் வழக்கமாக வார்க்கிறார்கள். அச்சின் பாய்வழிகளில் உறைந்து மிஞ்சும் ரன்னர் கழிவை அரைத்து மறுபடி சேர்க்கும்போதும் இதே கதைதான்: அந்தப் பொருள் ஏற்கெனவே ஒரு முறை வெந்தது. சேர்க்கக் கூடாது என்பதில்லை. திங்கட்கிழமை 10 சதவீதம், செவ்வாய்க்கிழமை 30 சதவீதம் என்று சேர்ப்பதுதான் சிக்கல்.

ஸ்க்ரூவின் பின்னழுத்தத்தை, அதாவது உருகலைச் சேர்த்தபடி பின்வாங்கும் ஸ்க்ரூவுக்கு எதிராகக் கொடுக்கும் அழுத்தத்தை, கூட்டினால் நிறமித் துகள்களின் திரள்கள் இன்னும் நன்றாக உடைந்து பரவும். கார்பன் பிளாக் மாதிரியான நிறமி நுணுக்கமாகப் பரவப் பரவ அதன் வலு கூடும். ஆகவே கலவையில் கை வைக்காமலே சாம்பல் கறுத்துவிடலாம்.

மேற்பரப்பும் சும்மா இருப்பதில்லை. சொரசொரப்பான பரப்பு வெள்ளொளியை நாலாபக்கமும் சிதறடிப்பதால், அதே பிளாஸ்டிக் அதில் வெளிறித் தெரியும்; பளபளப்பான பரப்பில் அடர்ந்து தெரியும். அச்சின் வெப்பநிலை மாறினால் பளபளப்பு மாறும், கூடவே கண்ணுக்குத் தெரியும் நிறமும் மாறும்.

சரி, இதையெல்லாம் எப்படி அளப்பது? நிறமாலை ஒளிமானி பாகத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சி, எந்த அலைநீளம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கும். அந்தத் தரவு, 1976-இல் சிஐஇ என்ற சர்வதேச ஒளியூட்ட அமைப்பு வகுத்த முறைப்படி மூன்று எண்களாகும்: ஒன்று வெளிச்சம், ஒன்று சிவப்பு-பச்சை, ஒன்று மஞ்சள்-நீலம். இரண்டு நிறங்களுக்கு இடையிலான தூரம்தான் டெல்டா ஈ. அது சுமார் 1 என்ற அளவில் இருந்தால் பழகிய கண் கண்டுபிடிக்கத் தொடங்கும். ஆனால் அச்சிலிருந்து சுடச்சுட எடுத்த பாகத்தை அளக்கக் கூடாது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்கள் சூட்டில் வேறாகத் தெரிந்து, ஆறிய பிறகே நிலைக்கு வரும். பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரண்டு பாகங்கள் குழல்விளக்கின் கீழ் பிரிந்து நிற்பதும் உண்டு. வெவ்வேறு நிறமிகளால் ஒரே நிறத்தை எட்டிப்பிடித்தால் இப்படி ஆகும். அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்குகளில் பார்ப்பது கட்டாயம்.

என் பார்வையில் பெரிய தவறு நடப்பது ஒப்பிடும் இடத்தில். புதிய பேட்சைப் போன பேட்சோடு வைத்துப் பார்த்து ‘ஓகே’ சொல்வது ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. ஒவ்வொரு முறையும் வித்தியாசம் 0.4 மட்டும்தான், ஆனால் எல்லாம் ஒரே பக்கமாகவே நகர்ந்தால் ஐந்தாவது பேட்சில் அது 2 ஆகிவிடும். வெளிச்சம் படாமல் பத்திரப்படுத்திய மூலமாதிரித் தகட்டோடுதான் ஒவ்வொரு பேட்சையும் ஒப்பிட வேண்டும்.

அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. மூலமாதிரியிலிருந்து மஞ்சள் பக்கம் 0.7 விலகிய பேட்சும், நீலப் பக்கம் 0.7 விலகிய பேட்சும் ‘டெல்டா ஈ 1-க்குள் இருந்தால் சரி’ என்ற விதிப்படி தேறிவிடும். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரமோ 1.4. எனவே ஒட்டி அமரும் பாகங்களுக்குத் தூரத்தோடு திசையையும் குறித்துவிடுவது நல்லது: நீலப் பக்கம் 0.7 வரை போகலாம், மஞ்சள் பக்கம் 0.3-ஐத் தாண்டக் கூடாது என்பது போல.