தணற்பறவை: 'ஃபயர்பேர்ட்' தலைப்புக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் 'ஃபயர்பேர்ட்' படத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் தலைப்பிலேயே நின்றுவிட்டேன். 'நெருப்புப் பறவை' என்று எழுதினால் படிக்கிறவர்கள் மனசில் வந்து உட்காருவது பீனிக்ஸ். எரிந்து சாம்பலாகி, அந்தச் சாம்பலிலிருந்தே எழுந்து வரும் பறவை. தேர்தல் செய்தியிலும் மேடைப் பேச்சிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய உவமை அது. இந்தப் படத்தின் பறவை வேறு. அது சாவதும் இல்லை, மீண்டு எழுவதும் இல்லை. இருட்டில் ஒளிரும், அவ்வளவுதான்.

அதன் ரஷ்யப் பெயர் ஜார்-ப்தீத்சா. முதல் எழுத்தின் ஒலி தமிழில் கிடையாது, 'ஜ' அருகில் வரும். ரஷ்யாவை ஆண்ட ஜார் மன்னர்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு சொல். ப்தீத்சா என்றால் பறவை. 'ஜார்' என்பதற்கு வெப்பம், உடம்புச் சூடு, காய்ச்சல் என்றெல்லாம் பொருள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு பொருள்: சுவாலை அடங்கிய பின் அடுப்பில் கனன்றுகொண்டிருக்கும் கங்கு. அடுத்தவன் உழைப்பில் தான் பலன் காண்கிறவனை, 'ஊரான் கையால் ஜார் வாருகிறான்' என்பார்கள் ரஷ்யர்கள். அங்கே வாரப்படுவது தீ அல்ல, தணல். இந்தச் சொல்லின் வேர் மிகப் பழையது. தெர்மாமீட்டரில் இருக்கும் கிரேக்கச் சொல்லும், நம் சமையலறைக்கு வந்துவிட்ட கரம் மசாலாவின் பாரசீக 'கரம்' என்பதும் அதே வேரில் கிளைத்தவை. எல்லாமே சூட்டைச் சொல்பவை.

ரஷ்ய நாட்டுப்புறக் கதையில் இந்தப் பறவை அரசனின் தோட்டத்துக்கு இரவில் வந்து பொன் ஆப்பிள்களைக் கொத்திப் போகும். இளவரசன் பிடிக்கப் பாய்வான், கையில் மிஞ்சுவது ஒரு வால் இறகுதான். அந்த ஒற்றை இறகை இருட்டறையில் வைத்தால் எண்ணற்ற மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்ததுபோல் ஒளிரும். இன்னொரு கதையில், வழியில் கிடக்கும் இறகை எடுக்கக் குனிபவனிடம் குதிரை சொல்லும்: 'எடுக்காதே, எடுத்தால் துயரம் என்னவென்று அறிவாய்.' அவன் எடுத்துவிடுவான்.

படத்தின் தலைப்பு இந்தக் கதையிலிருந்து நேரே வரவில்லை; 1910இல் பாரிஸில் அரங்கேறிய, ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' என்ற பாலே நடன நாடகம் வழியாக வந்தது. 2021இல் வெளியான படம், இயக்கியவர் பீட்டர் ரெபானே. செர்கேய் ஃபெதிசோவ் என்ற நடிகர் எழுதிய சொந்த நினைவுகள்தான் மூலம். இடம், சோவியத் ஆட்சியில் இருந்த எஸ்தோனியாவின் விமானப்படைத் தளம். காலம் 1970களின் பிற்பகுதி. கட்டாய ராணுவச் சேவை முடியப்போகும் செர்கேய்க்கும் புதிதாக வரும் போர் விமானி ரோமனுக்கும் புகைப்படத்தில் தொடங்குகிறது நெருக்கம். செர்கேயை ரோமன் அந்தப் பாலேவுக்கு அழைத்துப் போகிறான். பிறகு சந்தேகக் கண்கள் சூழ்கின்றன. செர்கேயின் தோழி லூயிசாவை ரோமன் மணந்துகொள்கிறான். காதல் அதனால் அணையவில்லை.

அவர்களுக்கு ஏன் அவ்வளவு பயம் என்பதைச் சொல்ல இன்னொரு ரஷ்யச் சொல் வேண்டும்: முஜெலோஜ்ஸ்த்வோ. 'முஜ்' என்றால் ஆண். பின்பகுதி படுக்கை, படுத்தல் என்ற பொருளில் வருவது. ஆணோடு படுத்தல் என்று விரித்துக்கொள்ளலாம். ரஷ்யக் குடியரசின் 1960ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில் 121ஆவது பிரிவு இந்தப் பெயரால்தான் குற்றம் சாட்டியது. ஐந்தாண்டு வரை சிறை. எஸ்தோனியா 1992இலும் ரஷ்யா 1993இலும் தத்தம் தடையை நீக்கின. இரண்டு மனிதர்களுக்கு இடையே நடந்த அத்தனையிலும் படுக்கையை மட்டும் பார்த்த சொல் அது.

நம்மிடமும் அப்படி ஒரு சொல் புழங்கியது, இன்னும் முழுதாக ஒழியவில்லை: 'ஓரினச்சேர்க்கை'. அதுவும் உடலோடு நின்றுவிடுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கைத் தொடர்ந்து, பாலினச் சிறுபான்மையினரைக் குறிக்க மதிப்பான சொற்கள் கொண்ட பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. ஒரே பாலினத்தவர் மீதான ஈர்ப்பைக் குறிக்கத் 'தன்பாலீர்ப்பு' என்று எழுதுவதே சரி. செர்கேய், ரோமன் கதையைச் சொல்லவும் அந்தச் சொல்லைத்தான் எடுக்க வேண்டும். சட்டப் பிரிவின் மொழியில் அவர்களைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

தலைப்புக்கு வருகிறேன். 'தீ' கொழுந்துவிட்டு எரிவது, ஊருக்கே தெரிவது. 'கனல்' அருகில் வரும், ஆனால் நம் வழக்கில் அதில் கோபம் கலந்துவிட்டது, கண்ணில் கனல் பறக்கும் என்போம். 'தணல்' அப்படியில்லை. என் அப்பத்தா ராத்திரி சமையல் முடிந்ததும் விராட்டித் தணலைக் கூட்டி, மேலே சாம்பலை அள்ளிப் போட்டு மூடிவைக்கும். விடியக்காலையில் பார்த்தால் அடுப்பு செத்துக் கிடப்பதுபோல இருக்கும். சாம்பலை விலக்கி ஊதாங்குழலால் ரெண்டு ஊது ஊதினால் உள்ளே சிவப்புக் கண் திறக்கும். 'நீறு பூத்த நெருப்பு' என்ற வழக்கு இதிலிருந்து வந்தது. நீறு என்றால் சாம்பல், திருநீற்றில் இருப்பதும் அதே நீறு. பூத்தல் இங்கே மலர்வதைக் குறிக்கவில்லை. பூஞ்சணம் பூப்பதுபோல் மேலே மெல்லப் படர்வது. சீருடை, திருமணம், அதிகாரிகள் முன்னால் வைத்துக்கொள்ளும் இறுகிய முகம், எல்லாம் ரோமன் மேல் பூத்த நீறு.

ஆகவே தணல் + பறவை. கடல் + பறவை 'கடற்பறவை' ஆவதுபோல, 'தணற்பறவை'. புதுச்சொல்லாகத் தெரிந்தாலும் இரண்டு பாதியும் நாம் பிறந்ததிலிருந்து கேட்டவைதான். 'ஃபயர்பேர்ட்' என்று ஒலிபெயர்த்து எழுதுவதிலும் தவறில்லை, படத்தைத் தேடுகிறவர்களுக்கு அதுதான் உதவும். பக்கத்தில் ஒருமுறை 'தணற்பறவை' என்றும் எழுதிவிடுங்கள். பீனிக்ஸ் என்று மட்டும் எழுத வேண்டாம்.