கடைக் கரண்ட் பில்லில் 180உம் 42உம்

கடைக்குப் புது ஏசி வாங்குவதற்கும் கூரையில் சோலார் போடுவதற்கும் முதல், மின்பட்டியலில் கட்டண வகை என்ன என்று பாருங்கள். இலங்கையில் கடை, அலுவலகம், வங்கி, களஞ்சியம், தனியார் வைத்தியசாலை எல்லாம் ‘பொது நோக்கு’ வகைக்குள் வரும். பட்டியலில் அது ஜிபி-1, ஜிபி-2, ஜிபி-3 என்று இருக்கும். ஒப்பந்த மின்கேள்வி (ஒரே நேரத்தில் எடுக்க ஒப்புக்கொண்ட ஆகக் கூடிய சுமை) 42 கேவிஏ (கிலோவோல்ற்-அம்பியர்) வரை என்றால் ஜிபி-1, அதற்கு மேல் ஜிபி-2. 11,000 வோல்ற்றில் நேரடியாக எடுக்கும் பெரிய இடங்களுக்கு ஜிபி-3.

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்துவோர் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விடுதிகளுக்கென்று தனி வகை இருக்கிறது. அதைப் பெற இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் எடுத்துவிட்டு, மின்சாரம் தரும் நிறுவனத்துக்கு அறிவிக்காமல் விட்டால் பழைய வகையிலேயே பில் வந்துகொண்டிருக்கும். மோட்டர் இயந்திரங்களே பிரதானமான பட்டறை, எண்ணெய் ஆலை போன்றவற்றுக்குக் கைத்தொழில் வகை. கீழே கடையும் மேலே வீடும் ஒரே மீட்டரில் ஓடினால், இரண்டாவது இணைப்புக்கு விண்ணப்பிப்பதுதான் சரி. வீட்டு இணைப்பில் வியாபாரம் நடத்துவது பிடிபட்டால் பழைய மாதங்களுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்க நேரிடலாம்.

ஜிபி-1 காரருக்கு முக்கியமான இலக்கம் 180. மாதம் 180 அலகுக்குள் நின்றால் ஒரு விலை. தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டுமல்ல, முதலாவது அலகிலிருந்து எல்லாவற்றுக்கும் கூடிய விலை. நிலையான கட்டணமும் ஏறும். வீட்டுப் பில்லின் படிக்கட்டுக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, ‘பத்து அலகுதானே கூட’ என்று நினைப்பவர்கள் இங்கேதான் அகப்படுகிறார்கள்.

மெயின் வீதியில் 250 அலகு எரிக்கும் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். பழைய சோக் வைத்த ரியூப் லைட் எட்டு, நாளைக்கு 12 மணிநேரம். ஒன்று சோக்குடன் சேர்த்து 50 வாற்று இழுக்கும். எல்ஈடி ரியூப் என்றால் 20. எட்டுக்கும் 240 வாற்று மிச்சம், 30 நாளில் 86 அலகு. 250 இருந்த இடத்தில் 164. மாற்றியது விளக்கை மட்டும்தான், குறைந்தது முழுப் பில்லின் விலை. எல்ஈடி போடும்போது பழைய சோக்கைக் கழற்றாமல் விடுகிற எலக்ரீசியன்களும் உண்டு; அது வீணே சூடேறிக்கொண்டிருக்கும், சில ரியூப்கள் கருகியும் போகும்.

ஏசி இருக்கிற கடை 180க்குள் நிற்பது கஷ்டம். இன்வேர்ட்டர் இல்லாத 12,000 BTU ஏசி, கம்பிரசர் ஓடும்போது 1.1 கிலோவாற்று அளவில் எடுக்கும். பத்து மணிநேரத்தில் ஆறு மணிநேரம் ஓடினாலே நாளுக்கு 6.6 அலகு. 180ஐ 30ஆல் பிரித்தால் நாளுக்கு ஆறுதான்! ஆகவே இப்படிப்பட்ட கடை 180ஐ மறந்துவிட்டு ஏசியைக் கவனிக்கட்டும். 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் போடுங்கள். கச்சான் (தென்மேல் காற்று) காலத்தில் புழுதியும் வாடை (வடகீழ் காற்று) காலத்தில் உப்பும் ஏசியின் வெளிப் பெட்டியில் உள்ள தகடுகளை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். ஆனால் கரையோரக் கிணற்று உவர்நீரால் கழுவினால் கழுவாமல் விட்டதே மேல். அழுத்தப் பம்பியால் அடித்தால் தகடுகள் மடிந்து காற்று போகாது.

ஜிபி-2க்கும் பெரிய விடுதிகளுக்கும் கணக்கு வேறு. நாள் மூன்றாகப் பிரிகிறது: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு நேரம். விடுதியின் சலவை, ஐஸ், தண்ணீர் ஏற்றுதல் எதையும் உச்ச நேரத்தில் வைக்கத் தேவையில்லை. தண்ணீர்ப் பம்பிக்கு ரைமர் போட்டவர்கள் அதன் மணியைப் பார்த்துக்கொள்ளவும். மின்கலம் இல்லாத ரைமர் மின்தடையில் நின்றுவிடும். அதிகாலை 3.30க்கு ஓட வைத்த பம்பி, இரண்டு மணிநேரத் தடைக்குப் பிறகு 5.30க்குத்தான் ஓடும், மலிவு நேரம் முடிகிற அதே நிமிடத்தில்.

இத்துடன் கேவிஏ கட்டணம் தனி. மாதத்தில் எந்தப் 15 நிமிடத்தில் சராசரி இழுவை ஆகக் கூடியதோ, அதற்கே மாதம் முழுவதற்கும் காசு. மோட்டர் தொடங்கும்போது சில விநாடி பாயும் மின்னோட்டம் இதை அவ்வளவு ஏற்றாது. கரண்ட் திரும்பி வந்ததும் எல்லா ஏசியும் சேர்ந்து கால்மணி நேரம் முழு மூச்சில் ஓடுவதுதான் ஏற்றும். ஒவ்வொன்றையும் இடைவெளி விட்டுப் போடப் பழக்குங்கள்.

36 கிலோவாற்றுச் சுமை, சக்திக் காரணி (இழுக்கும் கேவிஏயில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கு) 0.8 என்றால் 45 கேவிஏ. கெப்பாசிற்றர் பாங்க் (சக்திக் காரணியை உயர்த்தும் மின்தேக்கித் தொகுதி) போட்டு 0.95 ஆக்கினால் 38க்குக் கீழே. வேலை அதேதான், 7 கேவிஏ குறைவு. உப்புக்காற்றில் கொன்டாக்டர் (பாங்கை இணைக்கும் ஆளி) அரித்து, பியூஸ் போய், பாங்க் செத்துக் கிடந்தாலும் ஒரு விளக்கும் மங்காது, பில்லில்தான் தெரியும். மீட்டர் பலகையில் சக்திக் காரணியை மாதாமாதம் குறித்து வையுங்கள்.

42 கேவிஏக்குக் கீழே இறங்கியவர், ஒப்பந்த மின்கேள்வியைக் குறைத்து ஜிபி-1க்கு மாற்றும்படி பகுதி மின்பொறியியலாளர் அலுவலகத்தில் எழுதிக் கேட்கலாம். முதலில் கடைசி 12 பில்லையும் எடுத்து இரண்டு வகையிலும் கணக்குப் பாருங்கள். இரவெல்லாம் ஓடும் மீன் குளிர்களஞ்சியத்துக்கு ஜிபி-2 மலிவாக அமையக்கூடும்.

சோலார் பகல் அலகைத்தான் குறைக்கும். உச்சச் சுமை மாலை ஏழு மணிக்கு வந்தால் கேவிஏ கட்டணம் அசையாது. மேலே சொன்ன 36 கிலோவாற்று இடத்தில் 20 கிலோவாற்றைச் சோலார் கொடுத்தால், கிலோவாற்று மட்டுமே குறைவதால் மீட்டர் காணும் சக்திக் காரணி 0.8இலிருந்து 0.5 அளவுக்கு விழும். அதனால் கெப்பாசிற்றர் கணக்கைச் சோலார் போட்ட பிறகு மறுபடி பார்க்க வேண்டும். நெற் மீற்றரிங் முறையில் மிச்ச அலகு வரவாகவே அடுத்த மாதத்துக்குப் போகும், காசு வராது. நெற் எக்கவுன்ரிங்கில் மிச்சத்துக்குக் காசு. கையெழுத்து வைக்க முன் அன்றைய கொள்வனவு விலையை எழுத்தில் வாங்குங்கள்.

வகை பிழை, மீட்டர் பிழை என்றால் முதலில் 1987 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தை எடுத்து வையுங்கள். பிறகு பகுதி அலுவலகத்துக்கு எழுத்தில், பில் பிரதிகளோடு. அங்கே தீராதது இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். தமிழிலேயே எழுதலாம்.