புழுமுட்டைக் குறைவு விழுக்காடு: சொல் விளக்கம்

பிப்ரவரி வந்தால் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் வரும். குடற்புழு நீக்க நாளை முன்னிட்டு மாவட்டத்தில் இத்தனை லட்சம் குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்பட்டது என்று. 2015-இல் தொடங்கிய தேசியத் திட்டம் அது. 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பாதி. செய்தியில் வரும் எண்ணிக்கை, மாத்திரை எத்தனை பேர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லும். உள்ளே போன மாத்திரை வேலை செய்ததா என்று அறிய வேறு கணக்கு வேண்டும். அந்தக் கணக்குக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'எக் ரிடக்‌ஷன் ரேட்'. சுருக்கமாக இ.ஆர்.ஆர்.

பொருள் எளிது. மருந்து கொடுக்கும் முன் குழந்தைகளின் மலத்தில் கிராமுக்குச் சராசரியாக எத்தனை புழுமுட்டைகள் இருந்தன, கொடுத்த பின் எத்தனை இருந்தன, அந்த இறக்கம் முன்பு இருந்ததில் நூற்றுக்கு எவ்வளவு. 2000 இருந்தது 100 ஆனால் இ.ஆர்.ஆர். 95.

புழுவை விட்டுவிட்டு முட்டையை எண்ணுவானேன் என்று கேட்கலாம். குடலுக்குள் ஒட்டிக்கிடக்கும் புழுவை உயிரோடு இருக்கும் குழந்தையிடம் எண்ண முடியாது. முற்காலத்தில் பேதியோடு வெளியே வந்த புழுக்களைச் சல்லடையில் அலசி எண்ணியிருக்கிறார்கள். ஆனால் உள்ளே தங்கிவிட்டவை எத்தனை என்பதை அது சொல்லாது. முட்டைகளோ தாமாகவே வெளியே வருகின்றன. பெண் உருண்டைப்புழு ஒன்று நாளுக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடும்.

எண்ணும் முறைக்குக் காட்டோ-காட்ஸ் என்று பெயர். ஜப்பானியர் காட்டோ தொடங்கியதை, பிரேசிலில் நஃப்தாலே காட்ஸும் உடனிருந்தவர்களும் 1972-இல் திருத்தி அமைத்தார்கள். ஓட்டை போட்ட ஒரு சிறு தகட்டில் 41.7 மில்லிகிராம் மலத்தை நிரப்பி, கண்ணாடிச் சில்லில் வைத்து, கிளிசரினில் ஊறிய செலோபேன் துண்டால் மூடி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கண்ட முட்டைகளை 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான கணக்கு. இதில் ஒரு தொல்லை உண்டு. கொக்கிப்புழுவின் முட்டை மெல்லிய ஓடு கொண்டது. கிளிசரினில் நேரம் ஆக ஆக மங்கிக் காணாமல் போகும். அதனால் சில்லைத் தயார் செய்து ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். மதிய உணவு முடித்து வந்து பார்த்தால், எந்த மருந்துக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடும்!

இரண்டாவது மாதிரியை எடுக்கும் நாளுக்கும் வரம்பு இருக்கிறது. மருந்து கொடுத்த 14-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாளுக்குள். சீக்கிரம் எடுத்தால், சாகாமல் மயங்கிக் கிடக்கும் புழு தற்காலிகமாக முட்டையிடாமல் இருக்கலாம். அதைச் செத்த கணக்கில் சேர்த்துவிடுவோம். தள்ளிப்போட்டால், புதிதாகத் தொற்றிய புழுக்களும், மருந்து தொடாத இளம் புழுக்கள் வளர்ந்து முட்டையிடுவதும் கணக்கில் புகுந்துவிடும்.

இந்தச் சொல்லுக்கு ஒரு பங்காளி உண்டு. 'க்யூர் ரேட்', தமிழில் பெரும்பாலும் குணமடைவு வீதம் என்று எழுதுகிறார்கள். முட்டை இருந்த குழந்தைகளில் எத்தனை பேரிடம் பிறகு ஒரு முட்டையும் காணவில்லை என்பதே அது. இரண்டும் எவ்வளவு விலகிப் போகும் என்று காட்ட ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஐந்து குழந்தைகள். சில்லில் கண்ட முட்டைகள் 2, 4, 10, 20, 464. சராசரி 100. மருந்துக்குப் பின் முதல் நால்வருக்கும் சுழி, ஐந்தாவது குழந்தைக்கு 50. சராசரி 10. குணமடைவு 80, முட்டைக் குறைவு 90. சரி, அதே ஐவருக்கு வேறொரு மருந்து. பின்பு 1, 1, 2, 2, 4 என்று நிற்கிறது. குணமடைவு சுழி! முட்டைக் குறைவோ 98.

எந்த மருந்தைத் தேர்வீர்கள்? நான் இரண்டாவதைத்தான் தேர்வேன். சாட்டைப்புழு என்று வைத்துக்கொண்டால் ஐந்தாவது குழந்தைக்கு முதலில் கிராமுக்கு 11,136 முட்டைகள். 10,000-ஐத் தாண்டினால் கடுந்தொற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு எல்லாம் இப்படிப் புழுச்சுமை மிகுந்த குழந்தைகளைத்தான் அதிகம் தாக்கும். மண்ணில் அதிக முட்டைகளைக் கலப்பவர்களும் அவர்களே. அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்பதைக் குணமடைவு வீதம் மறைத்துவிடுகிறது. போதாததற்கு அது சோதனையின் கூர்மையைப் பொறுத்தும் ஆடும். ஒரு சில்லுக்குப் பதில் நான்கு சில்லுகள் பார்த்தால், 'குணமானவர்கள்' சிலரிடம் முட்டை தென்பட்டுவிடும். 2013-இல் வந்த உலக சுகாதார நிறுவனக் கையேடு முட்டைக் குறைவையே முதன்மை அளவாக வைத்தது காரணமில்லாமல் இல்லை.

சராசரி என்றேனே, அதிலும் ஒரு பூசல் நடந்தது. எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது கூட்டுச் சராசரி. எல்லாவற்றையும் பெருக்கி, எத்தனை எண்களோ அத்தனையாம் படிமூலத்தைக் காண்பது பெருக்குச் சராசரி. பெருக்குச் சராசரி பெரிய எண்களை அமுக்கிவிடும். மேலே சொன்ன முதல் மருந்துக்கு அந்த வழியில் கணக்கிட்டால் (சுழி வருவதால் ஒவ்வொன்றிலும் 1 கூட்டி, பிறகு கழிக்க வேண்டும்) 90 என்பது சுமார் 93 ஆகிறது. மருந்து மாறவில்லை, மதிப்பெண் ஏறிவிட்டது. கையேடு கூட்டுச் சராசரியைச் சொல்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டும் கிடக்கின்றன, எது என்று பார்க்காமல் இரு கட்டுரைகளின் எண்களை ஒப்பிடக் கூடாது.

சோதனையின் வேர் ஆட்டுப்பட்டியில் இருக்கிறது. சிட்னியின் மெக்மாஸ்டர் ஆய்வகத்தில் கார்டனும் விட்லாக்கும் 1939-இல் ஆட்டுப் புழுக்கையில் முட்டை எண்ணும் சில்லை உருவாக்கினார்கள். பின்னாளில் ஆடுகளின் புழுக்கள் மருந்துக்கு அடங்காமல் போனபோது, முட்டை எண்ணிக்கை எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்தே எதிர்ப்பைக் கண்டுபிடித்தார்கள் கால்நடை மருத்துவர்கள். பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரே மருந்தைக் கோடிக்கணக்கில் கொடுக்கத் தொடங்கியபின் அதே கவலை இங்கேயும் வந்தது.

இனி பெயர். 'ரேட்' என்பது இலத்தீன் 'ரட்டா' வழி வந்தது. கணக்கிட்டு ஒதுக்கிய பங்கு என்று பொருள். தமிழில் ரேட் என்றால் கடைத்தெருவில் விலை, இயற்பியலில் வீதம், அதாவது ஒரு நொடிக்கு இவ்வளவு, ஓர் ஆண்டுக்கு இவ்வளவு என்பது. இ.ஆர்.ஆர்.-இல் காலம் வகுத்தியாக வருவதே இல்லை. ஆங்கிலத்திலேயே தளர்வாக ஒட்டிக்கொண்ட சொல்லை நாம் 'வீதம்' என்று பெயர்க்க வேண்டியதில்லை. 'விகிதம்' இன்னும் பொருந்தாது, அது இரண்டுக்கு மூன்று என்பது போன்ற ஒப்பு. இலங்கையில் 'ஐம்பது வீதம்' என்றாலே நூற்றுக்கு ஐம்பது என்பதால் அங்கே வீதம் இடிக்காது. தமிழ்நாட்டு வாசகருக்கு விழுக்காடு தெளிவு.

'ரிடக்‌ஷன்' குறைப்பா, குறைவா? குறைப்பு என்றால் யாரோ வேண்டுமென்று முட்டையைக் குறைத்ததாகிறது. மருந்து தாக்குவது புழுவை, முட்டை குறைவது அதன் விளைவு. ஆகவே குறைவு. அப்புறம், வெறும் 'முட்டைக் குறைவு' என்று தலைப்புப் போட்டால் சத்துணவில் முட்டை வரவில்லை போலிருக்கிறது என்று படிப்பார்கள். அதனால் புழுமுட்டை என்று சேர்த்தே சொல்வது நல்லது. புழுமுட்டைக் குறைவு விழுக்காடு.

பங்காளிச் சொல்லுக்கும் ஒரு திருத்தம். முட்டை தென்படாததைக் குணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'முட்டையின்மை விழுக்காடு' என்றால் பார்த்ததை மட்டும் சொன்னதாகும். மருந்துக்குப் புழுக்கொல்லி என்பதைவிடப் புழுநீக்கி மேல். பழைய பைப்பரசீன் புழுவைக் கொல்லாது, செயலிழக்க வைத்து வெளியே தள்ளிவிடும். வீட்டில் இதெல்லாம் பூச்சி மருந்துதான், யாழ்ப்பாணத்தில் பூச்சிக்குளிசை. அவற்றை மாற்றச் சொல்ல நான் யார்?

பெற்றோருக்கு ஒரு குறிப்பு. இரவில் ஆசனவாயில் அரிப்பெடுக்க வைக்கும் கீரிப்பூச்சிக்கு இந்த அளவுகோல் ஒத்துவராது. அது முட்டையை மலத்தில் இடாமல் வெளித்தோலில் ஒட்டிவிட்டுப் போகும். ஒட்டுநாடா வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

சொல்லைப் புழங்கிப் பார்ப்போம். 2011-இல் வெளியான ஓர் ஆய்வு பிரேசில், கேமரூன், கம்போடியா, எத்தியோப்பியா, இந்தியா, தான்சானியா, வியட்நாம் ஆகிய ஏழு நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்தது. இந்தியாவில் நடந்த இடம் நம் வேலூர். அதன் முடிவை இப்படி எழுதலாம்: 'ஒற்றை வேளை அல்பெண்டசோலின் புழுமுட்டைக் குறைவு விழுக்காடு உருண்டைப்புழுவில் 99.5, கொக்கிப்புழுவில் 94.8, சாட்டைப்புழுவில் 50.8.' கையேட்டின் எதிர்பார்ப்பு முறையே 95, 90, 50. சாட்டைப்புழுவுக்கு எல்லையை 50-இல் வைத்திருப்பதே அந்தப் புழுவிடம் இந்த மருந்து எவ்வளவு தோற்கிறது என்பதற்குச் சான்று. அதற்காகத்தான் அல்பெண்டசோலோடு ஐவர்மெக்டினைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.