இருபது மணி நேர இரவும் எட்டு மணி நேரப் பகலும்

டிசம்பர் 21ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சூரியன் மறையும்போது மணி மாலை 7.22. லண்டன் விமானம் கிளம்புவதும் ஏறக்குறைய அந்த நேரத்தை ஒட்டித்தான். ஓடுபாதையில் பகல் வெக்கை இன்னும் ஆறியிருக்காது. பயணிகள் பருத்திச் சட்டையில் இருப்பார்கள். மடியில் மட்டும் ஒரு கம்பளிக் கோட்டு. விமானம் மேலெழும்பியதும் மேற்கே கொஞ்ச நேரம் செவ்வானம் தெரியும், பிறகு இருட்டு. அவர்கள் அடுத்து சூரியனைப் பார்ப்பது லண்டனில், காலை 8.04க்கு. இரண்டு ஊர்க் கடிகாரங்களையும் நேராக்கிக் கணக்குப் போட்டால், நடுவே ஓடிய இருட்டு 20 மணி 42 நிமிடம். அந்தப் பருவத்தில் பெர்த்தின் முழு இரவு பத்து மணி நேரம்கூட இல்லை.

2018 மார்ச்சில் குவாண்டாஸ் நிறுவனம் தொடங்கிய சேவை இது. ஆஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே எங்கும் இறங்காமல் பறந்த முதல் வழக்கமான பயணிகள் சேவையும் இதுவே. தூரம் சுமார் 14,500 கிலோமீட்டர். நேரம் பதினேழரை மணி.

அந்த நீண்ட இரவின் கணக்கு அழகானது. பெர்த்தில் பாதி இரவு, அதாவது சூரியன் மறைந்ததிலிருந்து உண்மையான நள்ளிரவு வரை, ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. லண்டனில் நள்ளிரவிலிருந்து விடியும்வரை எட்டு மணி நேரம். இரண்டும் சேர்ந்தால் பதின்மூன்று. மிச்சமுள்ள எட்டு மணி நேரம் பயணம் கொடுத்தது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. மேற்கே பறக்கும் விமானம் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான வேகத்தில் தீர்க்கரேகைகளைத் தாண்டிக்கொண்டே போகிறது. விடியல் பின்னால் துரத்தி வருகிறது. விமானம் அதற்கு எட்டாமல் நழுவுகிறது. விடியல்தான் வேகமானது என்றாலும், அது எட்டிப் பிடிப்பதற்குள் விமானம் லண்டனில் இறங்கிவிடுகிறது.

உலக உருண்டை கையில் இருந்தால் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நிலநடுக்கோட்டை இந்தியப் பெருங்கடலில் தாண்டி, இலங்கையின் தென்பகுதி மேல் ஏறி, மன்னார் வளைகுடாவைக் கடந்து, மதுரைக்குப் பக்கமாகப் போகும் அந்த நூல். காற்றையும் வான்வழி அனுமதிகளையும் பொறுத்து விமானத்தின் உண்மையான பாதை அன்றன்றைக்கு விலகும். நூலின் மேலேயே பறந்தால் மதுரையைத் தாண்டும்போது கீழே இரவு பதினொன்றரை இருக்கும். மேலே இருப்பவரின் உடலுக்கோ அது பெர்த்தின் விடிகாலை இரண்டு மணி.

அந்த உடல் அப்போது ஒரு மலை மேலும் இருக்கிறது. விமானம் பறப்பது பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில். வெளியே குளிர் மைனஸ் 50 பாகைக்கும் கீழே. உள்ளே காற்றை அழுத்தி அடைத்து வைத்திருந்தாலும் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவருவதில்லை. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் உள்ளழுத்தம் 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுக்கு இறங்கலாம்; ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே. இந்தப் பாதையில் ஓடும் போயிங் 787இல் அது 1,800 மீட்டருக்குள் நிற்கிறது, கொடைக்கானலுக்கும் கீழே. காரணம் விமானத்தின் உடம்பு. அலுமினிய உடல் ஒவ்வொரு பயணத்திலும் ஊதிச் சுருங்கி அலுத்துப்போகும், ஈரம் பட்டால் அரிக்கும். 787இன் உடலில் பெரும்பகுதி கார்பன் இழைக் கலவை. அது கூடுதல் அழுத்தத்தையும் தாங்கும், கூடுதல் ஈரத்தையும் தாங்கும்.

இந்த 600 மீட்டர் வித்தியாசம் உடலுக்குத் தெரிகிறதா? தெரிகிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில் 502 பேரை அழுத்தம் மாற்றக்கூடிய அறைக்குள் விமானப் பயணம்போல உட்காரவைத்துப் பார்த்தார்கள். உயரம் கூடக்கூட இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு இறங்கி, 2,400 மீட்டரில் சுமார் நான்கு சதவீதப் புள்ளிகள் குறைந்தது. நோய் என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை. ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனபின், மேல் உயரங்களில் இருந்தவர்கள் உடல் அசதியையும் தசைவலியையும் அதிகமாகச் சொன்னார்கள். பதினேழு மணி நேரம் உட்காரப் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

வறட்சி வேறு. மைனஸ் 50 பாகைக் காற்றில் நீராவி என்று சொல்ல ஏதுமில்லை. அதை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் ஈரப்பதம் பத்திலிருந்து இருபது சதவீதம்வரைதான் தேறும். அது பாலைவனக் காற்று. உதடு வெடிப்பதும் கண் உறுத்துவதும் மூக்குச் சவ்வு காய்வதும் இதனால்தான். தொண்டை வறள்வதைப் பார்த்து உடம்பே வற்றிவிட்டதாகப் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் கூடுதலாகப் போகும் நீர் கொஞ்சம்தான், காய்வது மேற்பரப்பு. அவ்வப்போது தண்ணீர் குடித்தால் போதும்.

இதுவரை சொன்னவை எல்லாம் விமானம் இறங்கிய சில மணி நேரத்தில் சரியாகிவிடும். சரியாக நாளாவது கடிகாரம். முதல் நாளின் உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது.

இரண்டு கண்களின் பார்வை நரம்புகளும் மூளையின் அடியில் குறுக்கிடுகின்றன. அந்த இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸில், சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சின்னத் திரள் ஒன்று இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். அந்தச் செல்களுக்குள் சில மரபணுக்கள் புரதங்களை உண்டாக்குகின்றன. புரதம் சேர்ந்ததும் அதே மரபணுக்களை அடக்குகிறது. புரதம் சிதைந்ததும் மரபணு மறுபடி விழிக்கிறது. இந்தச் சுழற்சியைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதரில் இந்தச் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். அதனால்தான் நாளை நீட்டும் மேற்குப் பயணம், நாளைச் சுருக்கும் கிழக்குப் பயணத்தைவிட உடலுக்குச் சுலபம். மேற்கே போனால் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம்போல உடல் நகர்ந்துகொள்ளும். பெர்த்துக்கும் லண்டனுக்கும் எட்டு மணி நேரம். ஆக ஐந்தாறு நாள்.

அந்த நகர்வை ஓட்டுவது ஒளி. விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் போக, நீல வெளிச்சத்தை அளந்து கடிகாரத்துக்குச் சொல்லும் செல்களும் இருக்கின்றன. 2002இல்தான் அவை உறுதியாகத் தெரியவந்தன. இதில் நுட்பமான சங்கதி, ஒரே வெளிச்சம் நேரத்தைப் பொறுத்து எதிரெதிராக வேலை செய்யும் என்பது. நமது உடல் வெப்பம் வழக்கமாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, விடிகாலை நாலரை வாக்கில், மிகக் கீழே இறங்கும். அந்தப் புள்ளிக்கு முந்தைய சில மணி நேரத்தில் வெளிச்சம் பட்டால் கடிகாரம் தாமதமாகும். பிந்தைய சில மணி நேரத்தில் பட்டால் முன்னுக்கு ஓடும். நண்பகலை ஒட்டிய நேரங்களில் பட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

இப்போது லண்டனில் இறங்கியவரைப் பாருங்கள். காலை ஐந்து மணி; அவர் உடலுக்குப் பகல் ஒரு மணி. சரியாகத் தூங்காவிட்டாலும் தெம்பாக இருப்பார், பசிக்கும். எட்டு மணிக்கு மேல் விடியும்போது உடலுக்கு மாலை நான்கு. “வெளியூர் போனால் காலை வெயிலில் நில்” என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தப் பயணத்துக்கு அந்த அறிவுரை அவ்வளவு உதவாது. அந்நேர வெளிச்சத்தை அவர் கடிகாரம் ஏறக்குறையக் கண்டுகொள்வதில்லை. பகல் ஒரு மணிக்கு, பெர்த்தில் இரவு ஒன்பது ஆகும்போது, மூளையிலுள்ள பினியல் சுரப்பி, இரவாகிவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனைக் கசியவிடத் தொடங்கும். சாப்பாட்டு மேசையிலேயே கண் செருகுவது அதனால்தான்.

உடல் வெப்பம் அடிமட்டம் தொடுவது லண்டன் நேரப்படி இரவு எட்டரை. ஆக அவருக்கு மருந்துபோல வேண்டிய வெளிச்சம் பிற்பகல் இரண்டிலிருந்து இரவு எட்டுவரை. டிசம்பர் 21 அன்று லண்டனில் சூரியன் மறைவது 3.53க்கு.

கோடையிலிருந்து குளிர்காலத்துக்குப் போவதில் உள்ள சிக்கலின் மையம் இதுதான் என்பது என் எண்ணம். நேர வித்தியாசத்தையும் குளிரையும் தனித்தனிப் பிரச்சினைகளாகப் பேசுகிறோம். உண்மையில் ஒன்றைச் சரிசெய்யும் மருந்தை மற்றது பறித்துக்கொள்கிறது. இதே பயணத்தை ஜூனில் செய்தால் லண்டனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். பூங்காவில் சும்மா உட்கார்ந்திருந்தாலே கடிகாரம் நகரும். டிசம்பரில் நடுப்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 15 பாகைதான் ஏறுகிறது. முந்தின நாள் பெர்த்தில் அது 81 பாகையில், ஏறக்குறையத் தலைக்கு நேர் மேலே நின்றது.

எனவே முதல் நாளில் நேரத்தைத் தேர்ந்தெடுத்துச் செலவழிக்க வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் தூங்கிக்கொள்வதில் தவறில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குப் படுத்தால்தான் நட்டம். அந்நேரம் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடக்க வேண்டும். மேகம் மூடிய குளிர்காலப் பகல்கூட ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும். வீட்டு விளக்கு சில நூறுதான். இருட்டிய பின் வீட்டில் இருக்கும் விளக்குகளை எல்லாம் போட்டு, எட்டு மணிவரை விழித்திருந்து, பிறகு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, ஒன்பது வாக்கில் படுக்கலாம். விமானத்திலும் இதே தர்க்கம்தான். சாப்பாடு முடிந்த கையோடு கண்மூடாமல், பெர்த் நேரப்படி நள்ளிரவு தாண்டும்வரை விளக்கொளியில் விழித்திருப்பவர் வேலையை முன்கூட்டியே தொடங்கிவிடுகிறார். 2019இல் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 19 மணி 16 நிமிடம் பறந்த சோதனைப் பயணத்திலும் விளக்கையும் உணவையும் போய்ச்சேரும் ஊரின் நேரத்துக்கு மாற்றித்தான் பார்த்தார்கள்.

இவ்வளவு செய்தாலும் விடிகாலை இரண்டரைக்கு விழிப்பு வரும். உடலுக்கு அது காலை பத்தரை. வயிறும் கேட்கும், ஏனென்றால் கல்லீரலுக்கும் குடலுக்கும் சொந்தக் கடிகாரங்கள் உண்டு. அவை வெளிச்சத்தைவிடச் சாப்பாட்டு வேளையைத்தான் நம்பும். லேசாக எதையாவது சாப்பிட்டுவிட்டு இருட்டிலேயே கிடப்பது நல்லது.

குளிர் முதலில் தெரிவது விமான நிலையக் கதவு திறக்கும்போது. தோலின் நரம்பு முனைகளில் இருக்கும் ஒரு புரத வாயில், வெப்பம் சுமார் 26 பாகைக்குக் கீழே போனால் திறந்துகொள்ளும். புதினாவிலுள்ள மென்தால் பட்டாலும் அதே வாயில்தான் திறக்கும், ஆகவேதான் புதினா குளிர்கிறது. செய்தி போனதும் விரல்களின் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. தோலில் ஓடிய இரத்தம் உள்ளே ஒதுங்க, நீர் மிகுந்துவிட்டதென்று எண்ணிச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. குளிரில் அடிக்கடி சிறுநீர் முட்டுவது அப்படித்தான். கோடைக்குப் பழகிய உடல் வேறு மாதிரி தயாராகியிருந்தது: சீக்கிரம் வியர்க்க, வெப்பத்தை வெளியே தள்ள. அந்தப் பழக்கம் கரைய இரண்டு மூன்று வாரமாகும். நடுக்கமில்லாமலே வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு பெரியவர்களிடமும் வேலை செய்கிறது என்று 2009இல் உறுதியானது. தினமும் சில மணி நேரம் குளிரில் இருந்தால் அது பத்து நாளில் சுறுசுறுப்பாகும். முதல் நாளில் அதை எதிர்பார்க்க முடியாது. கம்பளிதான் துணை.

மழை ஈரத்தில் நனைந்த லண்டனில் வீட்டுக்குள் போனதும் தோல் மறுபடி காய்வது பலருக்குப் புதிராக இருக்கும். 5 பாகையில் ஒரு கனமீட்டர் காற்று ஏழு கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்றை 21 பாகைக்குச் சூடாக்கினால் பதினெட்டு கிராம் தாங்கும். வெளியே நிறைவாக இருந்த ஈரம் உள்ளே நாற்பது சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. விமானத்தில் நடந்த அதே கதை, இன்னும் மிதமாக.

உடலுக்கு நாள் தெரிவதுபோலப் பருவமும் தெரியும். இரவு நீண்டால் மெலடோனின் கசியும் நேரமும் நீளும்; ஆடுகள் இனப்பெருக்கக் காலத்தை அறிவது அதை வைத்துத்தான். மனிதரிடம் என்ன ஆகும் என்று 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தாமஸ் வேர் சோதித்தார். தினமும் 14 மணி நேரம் இருட்டில் சில வாரங்கள் இருந்தவர்களுக்கு மெலடோனின் நேரம் நீண்டது. தூக்கம் இரண்டு துண்டானது, நடுவே அமைதியான விழிப்பு. அந்த மாற்றம் நிலைக்க வாரக்கணக்கில் ஆயிற்று. லண்டனின் டிசம்பர் இரவு 16 மணி நேரம். ஆனால் அங்கே யாரும் அத்தனை நேரம் இருட்டில் இருப்பதில்லை, விளக்குகள் எரிகின்றன. இரண்டு வார விடுமுறைக்கு வந்த பெர்த்வாசி, நேரக் கடிகாரம் ஒருவழியாகப் பொருந்திய அடுத்த வாரமே பெட்டி கட்டுவார். ஜனவரி வெயிலில் அவர் மறுபடி இறங்கும்போது, உள்ளே இருக்கும் பருவக் கணக்கில் பெரும்பாலும் கோடையே ஓடிக்கொண்டிருக்கும்.