கோர்ட் மார்ஷல்: சொல் விளக்கம்

படைவீரர் ஒருவர் மீதான குற்றச்சாட்டை, படை அதிகாரிகளே உறுப்பினர்களாக அமர்ந்து, சட்டப்படி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் மன்றத்துக்குக் 'கோர்ட் மார்ஷல்' என்று பெயர். 'அவர் கோர்ட் மார்ஷல் செய்யப்பட்டார்' என்ற செய்தியைப் படிப்பவர்களில் பலர் அதைப் பதவிநீக்கம் என்றோ தண்டனை என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அங்கே நிறுத்தப்பட்டவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்படவும் கூடும்.

இதிலுள்ள 'மார்ஷல்', ரோமானியரின் போர்த் தெய்வமான மார்ஸின் பெயரிலிருந்து பிறந்தது. 'போர் சார்ந்த' என்பது பொருள். பெயரடை பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நிற்பது பிரெஞ்சு முறை. ஆங்கிலேயரின் சட்டமொழியில் பிரெஞ்சு நெடுங்காலம் கோலோச்சியதன் தடம் அது. ஃபீல்டு மார்ஷல், ஏர் மார்ஷல், சட்டமன்றத்தில் உறுப்பினர்களைத் தூக்கிச் சென்று வெளியேற்றும் மார்ஷல் ஆகியோரின் பெயருக்கு வேர் வேறு. குதிரையையும் ஊழியனையும் குறித்த இரண்டு பழைய ஜெர்மானியச் சொற்கள் சேர்ந்த அந்தப் பட்டம், தொடக்கத்தில் லாயக்காரனைத்தான் சுட்டியது. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டாவது இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. தமிழில் அதுவும் இல்லை.

தமிழ்நாட்டு ஏடுகள் 'ராணுவ விசாரணை' என்றும் 'ராணுவ நீதிமன்றம்' என்றும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. இலங்கை ஏடுகளில் 'இராணுவ நீதிமன்றம்' வழங்குகிறது. இவற்றுள் 'ராணுவ விசாரணை' என்பதை நான் ஏற்கமாட்டேன். படைக்குள் நடக்கும் விசாரணை ஒன்றல்ல. முதலில் உண்மையறியக் கூடும் அதிகாரிகள் குழு ஒன்று உண்டு. அது எவரையும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க முடியாது. அடுத்து, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் சாட்சியங்களை எழுத்தில் பதியும் கட்டம். வழக்குக்கு இடமிருப்பதாக அதிகாரிகள் கருதினால் மட்டுமே மூன்றாவதாகக் கோர்ட் மார்ஷல் கூடும். 1950ஆம் ஆண்டின் இந்தியத் தரைப்படைச் சட்டம் நான்கு வகைக் கோர்ட் மார்ஷல்களை வகுத்துள்ளது. அவற்றுள் பெரியதில் குறைந்தது ஐந்து அதிகாரிகள் அமர வேண்டும். அதன் தீர்ப்பும் தண்டனையும் மேலதிகாரி உறுதிசெய்த பிறகே செல்லுபடியாகும்.

இந்த மூன்று படிகளையும் 'ராணுவ விசாரணை' என்ற ஒரே சொல்லில் அடக்கினால் என்ன ஆகும் என்பதற்குக் காஷ்மீரின் பத்ரிபல் வழக்கே சான்று. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் அங்கே கொல்லப்பட்ட ஐந்து பேரைச் சிட்டிசிங்புராவில் சீக்கியர்களைக் கொன்ற வெளிநாட்டுத் தீவிரவாதிகள் என்று படை அறிவித்தது. அவர்கள் உள்ளூர்வாசிகள், நடந்தது போலி மோதல் என்று 2006இல் மத்தியப் புலனாய்வுத் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. குற்றவியல் நீதிமன்றமா கோர்ட் மார்ஷலா என்று தேர்ந்துகொள்ள 2012இல் உச்ச நீதிமன்றம் படைக்கு வாய்ப்பளித்தது; படை வழக்கைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது; முகாந்திரம் நிறுவப்படவில்லை என்று கூறி 2014 ஜனவரியில் முடித்துவைத்தது. சாட்சியப் பதிவோடு வழக்கு நின்றதால் கோர்ட் மார்ஷல் கூடவே இல்லை. 'ராணுவ விசாரணையில் ஆதாரம் கிடைக்கவில்லை' என்று எழுதினால், ஒரு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட படையினரை விடுவித்ததாகவே வாசகர் நினைப்பார்.

அம்ஷிபோராவில் நடந்தது வேறு. 2020 ஜூலையில் ஷோபியான் மாவட்டத்தின் அவ்வூரில் மூவர் கொல்லப்பட்டனர். சமூக ஊடகத்தில் பரவிய படங்களைப் பார்த்து, ரஜௌரியிலிருந்து கூலி வேலைக்குப் போன தங்கள் பிள்ளைகள் அவர்கள் என்று குடும்பத்தார் அடையாளம் சொன்னார்கள். இரண்டே மாதத்தில், ஆயுதப் படைகளுக்கான சிறப்பு அதிகாரச் சட்டம் தந்த அதிகாரத்தைத் தன் ஆட்கள் மீறியதற்கு முகாந்திரம் உள்ளதாகத் தரைப்படையே வெளிப்படையாக அறிவித்தது. கோர்ட் மார்ஷல் கூடி, கேப்டன் ஒருவரைக் குற்றவாளி எனக் கண்டு ஆயுள் தண்டனைக்குப் பரிந்துரைத்த செய்தி 2023 மார்ச்சில் வெளிவந்தது.

தன் வீரர்களின் தவற்றைப் படையே வெளியிட்டால் களத்தில் நிற்பவர்களின் மன உறுதி குலையும், எதிரிக்கு அது பிரசாரமாகும், தீர்ப்புக்கு முன்பே குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் கெடும் என்று சொல்லப்படுகிறது. மூன்றாவதற்கு நியாயமான வலு உண்டு. பெயரை விடுத்து நிகழ்ச்சியை அறிவித்தால் அதைத் தவிர்த்துவிடலாம். முதலிரண்டும் மறைத்தால் தீருமா என்பதற்கு வியட்நாமின் மை லாய் பதில் சொல்லும். 1968 மார்ச் 16இல் அங்கே கிராமத்தவரைக் கொன்று குவித்ததை அமெரிக்கப் படை முதலில் 128 எதிரிகளைக் கொன்ற வெற்றி என்று சொன்னது. முன்னாள் வீரர் ஒருவர் மறு ஆண்டு எழுதிய கடிதமும் பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷின் செய்தியும் அதை உடைத்தபோது, கொலையோடு மறைப்பும் சேர்ந்து உலகம் முழுவதும் பேச்சாயிற்று. 1971இல் பத்திரிகையாளர் முன்னிலையில் நடந்த கோர்ட் மார்ஷல், லெப்டினன்ட் வில்லியம் கேலி 22 பேரைக் கொன்றதாகத் தீர்ப்பளித்தது. அமெரிக்கர் பலர் அவர் பக்கமே நின்றார்கள். அதிபர் நிக்சன் அவரைச் சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாற்றினார். வெளியிடுவதால் நீதி முழுமையாகக் கிடைத்துவிடும் என்று நான் வாதிடவில்லை. தீர்ப்பும் அதைத் தளர்த்தியவரின் பெயரும் பொதுப் பதிவில் நிற்கின்றன. மூடிய கோப்பில் அதற்கும் வழியில்லை.

எனவே கோர்ட் மார்ஷலுக்குப் 'படைத்துறை நீதிமன்றம்' என்பதே பொருந்தும். அது தரை, கடல், வான் ஆகிய மூன்று படைகளுக்கும் இடம் தருகிறது. முதற்கட்டக் குழுவை 'விசாரணைக் குழு' என்றும், மேல்முறையீட்டைக் கேட்கும் அமைப்பை 'ஆயுதப் படைத் தீர்ப்பாயம்' என்றும் தனித்தனியே எழுத வேண்டும். அம்ஷிபோரா வழக்கில் 2023 நவம்பரில் கேப்டனின் தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை வழங்கியது இத்தீர்ப்பாயம்தான். அது 'நிறுத்திவைப்பு', 'விடுதலை' அன்று.