டீசர் வந்தால் முன்னோட்டம் வந்ததாகாது

சென்ற வாரம் இரவு பதினொன்றரை மணிக்கு நண்பன் ஒருவனிடமிருந்து செய்தி: "மச்சான், முன்னோட்டம் வந்துருச்சுடா!" நாங்கள் இரண்டு பேரும் மூன்று வருடமாகக் காத்துக்கிடக்கும் வீடியோ கேம் அது. தூக்கமாவது ஒன்றாவது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இருட்டுத் திரை. எங்கோ தண்ணீர் சொட்டுகிறது. கையுறை போட்ட ஒரு கை கதவின் தாழ்ப்பாளைத் தொடுகிறது. தாழ்ப்பாள் அசைவதற்குள் திரை அணைந்து, விளையாட்டின் பெயர் மட்டும் எழுத்தெழுத்தாக ஒளிர்கிறது. அவ்வளவுதான். நாற்பது நொடி. தேதி கிடையாது, விளையாடும் காட்சி கிடையாது, எந்தக் கருவியில் வரும் என்பதுகூடக் கிடையாது.

நண்பனைக் குறை சொல்ல மாட்டேன். தமிழில் கேம் செய்தி சொல்லும் ஒரு காணொளியின் தலைப்பை அப்படியே எனக்கு அனுப்பியிருந்தான்: "அதிகாரபூர்வ முன்னோட்டம் வெளியானது." தயாரித்தவர்களோ தங்கள் காணொளிக்கு டீசர் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். டீசர் தமிழுக்கு வந்தபோது முன்னோட்டம் ஆகிவிட்டது. இது முதல் தடவை இல்லை. டீசரா, முன்னோட்டம். டிரெய்லரா, முன்னோட்டம். வெறும் பெயரும் எண்ணும் திரையில் மின்னி மறைந்தாலும் முன்னோட்டம். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் டீசர். டீஸ் என்ற ஆங்கில வினைக்குப் பழைய பொருள் கம்பளி இழைகளைப் பிரித்துச் சிக்கெடுப்பது. நம் மொழியில் பஞ்சு பன்னுதல் என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த வேலை. இழையைப் பிடித்துப் பிடித்து இழுப்பதிலிருந்து ஆளைப் பிடித்து இழுப்பது, சீண்டுவது, ஆசைகாட்டி இழுத்தடிப்பது என்ற பொருள்கள் பிறகு வந்தன. விளம்பரத் தொழில் அந்தக் கடைசிப் பொருளை எடுத்துக்கொண்டது. பொருளைக் காட்டாமல் பொருளின் மேல் ஆசையை மட்டும் மூட்டும் விளம்பரம் டீசர். சொல்வரலாறு இவ்வளவு போதும்.

டிரெய்லர் கதை வேறு. பின்னால் இழுபட்டு வருவது என்று பொருள். அந்தக் காலத்துத் திரையரங்குகளில் அடுத்த படத்தின் காட்சித் துணுக்குகளை, ஓடிக்கொண்டிருக்கும் படம் முடிந்த பிறகுதான் காட்டினார்கள். அதனால் அந்தப் பெயர். அப்புறம் அது படத்துக்கு முன்னால் வந்துவிட்டது, பெயர் மட்டும் பின்னாலேயே நின்றுவிட்டது. தமிழில் முன்னோட்டம் என்று வைத்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். ஆங்கிலத்தில் பொருள் கெட்டுப்போன இடத்தில் தமிழ்ச்சொல் சரியாக உட்கார்ந்திருக்கிறது. முன்னதாக ஒரு பகுதி ஓடிக் காட்டுவது முன்னோட்டம். புது வண்டிக்கு வெள்ளோட்டம் விடுகிறோம் என்றால் வண்டி உருள வேண்டும். உருளாத வண்டிக்கு மாலை போட்டு நிறுத்திவைத்துவிட்டு வெள்ளோட்டம் முடிந்தது என்று யாராவது சொல்வார்களா? அதே போல, முன்னோட்டம் என்றால் அந்த விளையாட்டில் ஏதோ ஒன்று ஓட வேண்டும். அதன் உலகம், அதன் ஆட்கள், அதன் ஆட்டம், ஏதாவது.

இந்த வேறுபாடு சொல்லாராய்ச்சிக்காரர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஒரு கேமுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவனைக் கேட்டால் தெரியும். 2018 ஜூனில் தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 என்ற கேம் அறிவிக்கப்பட்டது. மலைத்தொடர் மேல் கேமரா மெல்ல நகர்கிறது, இசை எழுகிறது, பெயர் வருகிறது. அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். 2025 முடிந்தும் அதற்கு மேல் ஒரு காட்சி வெளிவரவில்லை. "முன்னோட்டம் 2018இலேயே வந்துவிட்டதே, இன்னும் என்ன கேட்கிறார்கள்?" என்று விவரம் தெரியாதவர் கேட்டால், அவர் மேல் தப்பில்லை. அவருக்குச் செய்தி சொன்ன தமிழ் அப்படி. ரசிகன் கேட்பதே முன்னோட்டத்தைத்தான். அது வந்ததே இல்லை.

மெட்ராய்டு பிரைம் 4 இன்னும் தெளிவான சாட்சி. 2017 ஜூனில் ஒரு பெயர்ச்சின்னத்தைக் காட்டினார்கள். அதுவரை செய்த வேலையை ஓரங்கட்டிவிட்டு, வேறு குழுவிடம் கொடுத்து முதலிலிருந்து தொடங்குகிறோம் என்று 2019 ஜனவரியில் அதை வெளியிடும் நிறுவனமான நிண்டெண்டோவே அறிவித்தது. ஆட்டக்காட்சியோடு முன்னோட்டம் வந்தது 2024 ஜூனில். விளையாட்டு கைக்கு வந்தது 2025 டிசம்பரில். 2017இல் வந்ததையும் 2024இல் வந்ததையும் ஒரே சொல்லால் அழைத்தால், நடுவில் ஏழு வருடம் ரசிகர்கள் எதற்காகப் புலம்பினார்கள் என்பதை எந்தத் தமிழில் சொல்வது?

சரி, டீசருக்கு என்ன சொல்? இங்கேதான் "குறுமுன்னோட்டம்" என்று ஒருவர் வந்து நிற்பார். நல்ல எண்ணத்தோடு உருவாக்கிய சொல். கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் தப்பு.

நீளம்தான் வித்தியாசம் என்று அந்தச் சொல் கருதுகிறது. டிரெய்லரைச் சுருக்கினால் டீசர், டீசரை நீட்டினால் டிரெய்லர் என்பது அதன் கணக்கு. நடப்பில் அப்படியா? சைபர்பங்க் 2077க்கு 2013 ஜனவரியில் வந்த டீசர் இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஓடியது. மெதுவாகப் பறக்கும் தோட்டாக்கள், அசையாமல் மண்டியிட்டிருக்கும் ஒரு பெண், சுற்றிலும் காவலர்கள். முழுக்க முழுக்கக் கணினி வரைகலையில் செதுக்கிய ஒரே காட்சி. விளையாட்டு எப்படி இருக்கும் என்று அதில் ஒன்றும் தெரியாது. எப்போது வரும் என்ற கேள்விக்கு "தயாரானதும்" என்று பதில் போட்டிருந்தார்கள். அது தயாராகி வந்தது 2020 டிசம்பரில். இன்னொரு பக்கம், 2023 டிசம்பரில் வந்த ஜிடிஏ 6 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) விளையாட்டின் முதல் முன்னோட்டம் ஒன்றரை நிமிடம்தான். அதற்குள் ஊர், கடற்கரை, நெடுஞ்சாலை, கூட்டம், கதாநாயகி என்று எத்தனை ஓடியது! குறுமுன்னோட்டக் கணக்குப்படி சைபர்பங்கின் டீசர் நெடுமுன்னோட்டம், ஜிடிஏவின் டிரெய்லர் குறுமுன்னோட்டம் என்றல்லவா ஆகும்? தலைகீழாகப் போய் முடிகிறது.

சிலர் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். "பெரும்பாலும் டீசர் சின்னதாகத்தானே இருக்கிறது, பெரும்பான்மையை வைத்துப் பெயரிட்டால் என்ன?" என்பார்கள். கன்றுக்குட்டியும் சின்னது, பூனையும் சின்னது. அதற்காகப் பூனைக்குக் குறுமாடு என்று பெயர் வைக்க முடியாது. ஒரு பொருளை அதன் வேலையால் அடையாளம் காணும்போது பெயரும் அந்த வேலையைச் சொன்னால்தான் நிற்கும். டீசரின் வேலை மறைப்பது. முன்னோட்டத்தின் வேலை காட்டுவது. இரண்டுக்கும் "முன்னோட்டம்" என்ற ஒரே அடியைப் போட்டு ஒன்றுக்கு முன்னால் "குறு" ஒட்டினால், டீசரும் காட்டுகிறது, கொஞ்சமாகக் காட்டுகிறது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அந்த ஏமாற்றம்தான் எனக்கு இரவு பதினொன்றரைக்கு நேர்ந்தது.

இன்னொரு கூட்டம் டீசை நேராக மொழிபெயர்த்துச் "சீண்டல்" என்கிறது. இதைப் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. செய்தித்தாளில் சீண்டல் என்ற சொல் எந்தச் செய்தியில் வருகிறது என்று பாருங்கள். பாலியல் சீண்டல் என்று வழக்குப் பதிவில் வரும் சொல்லை ஒரு விளம்பரத்துக்கு வைக்க எப்படி மனம் வருகிறது? ஆங்கில வினையின் ஒரு பொருளை அகராதியில் பார்த்த மாத்திரத்தில் எடுத்து ஒட்டியதன் விளைவு. "ஆவல்தூண்டி" பரவாயில்லை, பொருளில் குற்றமில்லை. ஆனால் ஆவலைத் தூண்டுவது டீசர் மட்டுமா? சுவரொட்டி தூண்டும், நேர்காணல் தூண்டும், நல்ல முன்னோட்டமும் தூண்டும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் பெயரை ஒன்றுக்கு மட்டும் வைத்தால் அது பெயராக நிற்காது.

தமிழில் இதற்கென்றே காத்திருப்பது போல ஒரு வழக்கு இருக்கிறது: கோடிகாட்டுவது. "விஷயத்தை முழுசாச் சொல்லல, கோடி காட்டினார்" என்கிறோம். கோடி என்றால் முனை, ஓரம். தெருக்கோடி, கடைக்கோடி என்பதில் உள்ள கோடி. முழுத் துணியையும் விரிக்காமல் ஒரு முனையை மட்டும் வெளியே நீட்டிக் காட்டுவது. டீசர் செய்வது இம்மி பிசகாமல் இதைத்தான். ஆகவே டீசருக்குக் கோடிகாட்டி. வழிகாட்டி, நாள்காட்டி என்ற அச்சில் வார்த்தது. புதிதாகப் படிப்பவரும் பொருளைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

உடனே ஒருவர் கேட்பார், ஐம்பது கோடி நூறு கோடி என்று பணக்கணக்கோடு குழம்பிவிடாதா என்று. "கோடி காட்டினார்" என்று கேட்டதும் யாரும் பணக்கட்டைத் தேடியதில்லை. தெருக்கோடியில் நிற்கிறேன் என்றால் எந்த வங்கியின் வாசலில் என்று யாரும் கேட்டதில்லை. சேர்த்து ஒரே சொல்லாக எழுதினால் குழப்பத்துக்கு இடமே இல்லை. கோடி வடமொழியா தமிழா என்ற சண்டைக்கும் நான் வரவில்லை. தெளிவு எனக்குத் தூய்மையைவிட முக்கியம். பேச்சில் டீசர் என்றே சொல்லிவிட்டுப் போங்கள், எனக்கு வருத்தமில்லை. தப்பான தமிழ்ச்சொல்லைவிடச் சரியான கடன்சொல் மேல். தமிழில்தான் எழுதுவேன் என்று கிளம்பி, டீசருக்கு முன்னோட்டம் என்று எழுதுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சொல் சரியாக இருந்தால் குறையும் சரியாக விளங்கும். எல்லா ரசிகர்களின் கோபமும் ஒன்றில்லையே. எல்டன் ரிங் 2019 ஜூனில் ஒரு கோடிகாட்டியோடு அறிவிக்கப்பட்டது. அப்புறம் 2021 ஜூன் வரை அதிகாரபூர்வமாகக் காட்சி எதுவும் இல்லை. ரசிகர்கள் சும்மா இருக்க முடியாமல், இல்லாத எதிரிகளையும் நடக்காத கதைகளையும் தாங்களே கற்பனை செய்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கிடைக்காதது முன்னோட்டம். ஹாலோ நைட் சில்க்சாங் ரசிகர்களின் நிலை வேறு. 2019 பிப்ரவரியிலேயே ஆட்டக்காட்சியோடு முன்னோட்டம் வந்துவிட்டது. அவர்களுக்குக் கிடைக்காதது தேதி. 2025 ஆகஸ்டில் தேதி சொன்னார்கள், இரண்டே வாரத்தில் செப்டம்பர் 4 அன்று விளையாட்டு வந்தது. ஜிடிஏ ரசிகர்களின் நிலை மூன்றாவது வகை. முதல் முன்னோட்டத்துக்கும் 2025 மே மாதத்து இரண்டாவது முன்னோட்டத்துக்கும் நடுவில் பதினேழு மாதம். அந்த மௌனத்தில் நிலவின் பிறைகளை எண்ணி அடுத்தது எந்த நாளில் வரும் என்று கணித்துக்கொண்டிருந்தார்கள். இந்த மூன்றையும் "முன்னோட்டத் தாமதம்" என்று ஒரே கூடையில் போடும் செய்தியைப் படித்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மொழிபெயர்ப்பவர்கள் விளையாடிப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. ரிலீஸ் விண்டோ என்பதை "வெளியீட்டுச் சாளரம்" என்று எழுதுகிறார்கள். ஜன்னலைத் திறந்து எதை வெளியே போடப்போகிறார்கள்? எந்த மாதத்திலிருந்து எந்த மாதத்துக்குள் வரும் என்பதைச் சொல்ல "வெளியீட்டுக் காலம்" போதும். முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு விளையாட்டு அறிவித்த அன்றே விற்பனைக்கு வந்தால் ஆங்கிலத்தில் ஷேடோ டிராப் என்பார்கள். அதை "நிழல் துளி" என்று எழுதியதையும் பார்த்துவிட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் வெளியிட்டார்கள் என்று எழுதக் கை வரவில்லையா? திரையின் அடியில் பொடி எழுத்தில் வரும் "நாட் ஆக்சுவல் கேம்ப்ளே" என்ற எச்சரிக்கையை "இது உண்மையான விளையாட்டு அல்ல" என்று போடுகிறார்கள். அப்படியானால் போலி விளையாட்டா? "விளையாடும்போது எடுத்த காட்சி அல்ல" என்பதுதான் அதன் பொருள்.

ரசிகர்கள் எந்நேரமும் சொல்லும் "மார்க்கெட்டிங் ரொம்ப ஸ்லோ" என்பதையும் விட்டுவைக்கவில்லை. "சந்தைப்படுத்தல் மந்தம்" என்கிறார்கள். சந்தை மந்தம் என்றால் வியாபாரம் படுத்துவிட்டது என்றுதான் நமக்குப் பொருள். இங்கே வியாபாரம் தொடங்கவே இல்லை. வாங்கக் காத்திருக்கும் கூட்டத்துக்கு ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் பிரச்சினை. "விளம்பரத்தில் இழுத்தடிக்கிறார்கள்" என்று எழுதினால் யாருக்குத்தான் புரியாது? டீஸ் என்ற வினையின் பொருளும் அந்த இழுத்தடிப்பில் வந்து சேர்கிறது.

நண்பனுக்கு அன்று இரவே பதில் போட்டேன்: "முன்னோட்டம் இல்லடா, கோடிகாட்டி. ஆட்டக்காட்சி இல்ல, தேதி இல்ல. தூங்கு." கொஞ்ச நேரம் கழித்து அவனிடமிருந்து வந்தது: "அப்போ முன்னோட்டம் எப்போடா வரும்?"