லைட் எரிந்தால் வயரிங் சரியா?

என்னிடம் வேலை பழக வருகிற பையன்கள் முதல் வாரமே கேட்கிற கேள்வி, "அண்ணே, தனியா வேலை எடுக்க எத்தனை மாசம் ஆகும்?"

மாசக்கணக்கு சொல்ல மாட்டேன். ஒரு பல்ப், ஒரு ஸ்விட்ச் பொருத்திய பயிற்சிப் பலகையை முன்னால் வைப்பேன். போட்டால் எரியும், அணைத்தால் அணையும். "வயரிங் சரியா?" என்றால் பெரும்பாலும் "சரிதான்ணே" என்பார்கள். ஸ்விட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரின் ஒவ்வொரு பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்வேன். ஒரு பின்னில் 230 வோல்ட் காட்டும். ஸ்விட்ச் ஃபேஸில் (கரண்ட் வருகிற வயர்) இல்லை, நியூட்ரலில் (கரண்ட் திரும்புகிற வயர்) இருக்கிறது. ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி பல்ப் மாற்ற ஏறுகிறவரின் விரல் அங்கேதான் போகும்.

வீட்டு வயரிங்கில் ஆபத்தான தப்புகள் பலவும் இப்படி வெளியே தெரியாதவைதான். எர்த் வயரை இணைக்காமல் விட்டாலும் ஃப்ரிட்ஜ் குளிரும். வயரைப் பிடிக்கிற ஸ்க்ரூ லூசாக இருந்தால் அந்த இடம் மட்டும் மாசக்கணக்கில் சூடாகிப் பிளாஸ்டிக் கருகும். கரண்ட் அளவு மீறவில்லை, கசியவும் இல்லை என்பதால் எந்தப் பிரேக்கரும் ட்ரிப் ஆகாது, அதாவது தானாகத் துண்டிக்காது.

இன்னொன்று. கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கிற பிரேக்கரான எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு மனித உடம்பில் பாய்கிற கரண்ட் ஒரு பொருட்டே இல்லை. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி.தான் ஆளைக் காக்கும். அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று காரணம் தேடாமல் பெரிய எம்.சி.பி.யை மாட்டுகிறவர் எத்தனை வருஷம் வேலை பார்த்திருந்தாலும் எலக்ட்ரீஷியன் இல்லை.

நான் பழகிய காலத்தில் ஒரு வீட்டில் அணைத்து வைத்த எம்.சி.பி.யை, ஃபேன் நின்றுவிட்டதே என்று யாரோ மறுபடி போட்டுவிட்டார்கள். என் கையில் உரித்த வயர். ஸ்டூலிலிருந்து விழுந்தேன், தலை தப்பியது. அன்றிலிருந்து பிரேக்கரைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறேன். அப்புறம், மீட்டர் ஒழுங்காகக் காட்டுகிறதா என்று உறுதியாக, அதை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு வேலை செய்யும் இடத்தில், மறுபடி கரண்ட் இருக்கிற இடத்தில். நியான் டெஸ்டர் ஒளிரவில்லை என்பது கரண்ட் இல்லை என்பதற்குச் சான்றே ஆகாது. காய்ந்த மர ஸ்டூலில் நின்றால் அது மங்கலாகத்தான் எரியும், வெயிலில் கண்ணுக்கே தெரியாது.

பயிற்சி நிலையத்தில் சேரும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். மீட்டரை எங்கள் கையில் எத்தனை நாள் தருவீர்கள்? உங்கள் சான்றிதழை உரிமம் தரும் அலுவலகம் ஏற்குமா? இரண்டாவதை அந்த அலுவலகத்திலேயே விசாரிப்பது நல்லது.

போன வாரம் ஒரு பையன் போன் செய்தான். "அண்ணே, 500 வோல்ட் வச்சு இன்சுலேஷன் பார்த்தேன், 0.4 மெகா ஓம்தான் காட்டுது. ஒண்ணாவது வேணும்ல? கனெக்‌ஷன் கொடுக்கல." வயரின் மேலுறை வழியே கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிற சோதனை அது. வீட்டுக்காரர் அவசரப்படுத்தியும் அசையவில்லை. போர்டு போர்டாகக் கழற்றினான். மூன்றாவது போர்டில், ஈரமான சுவர்ப் பெட்டிக்குள், ஸ்க்ரூ ஒன்று வயரின் மேலுறையைக் கடித்துக்கொண்டிருந்தது. இனி அவன் தனியாக வேலை எடுக்கலாம்.